சந்தோசத்துக்குக் கண் கலங்கினால் அது வருத்தமா?

கிளிநொச்சியிலிருந்து 46 வயதான ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் அழுகிற ஆள் இல்லை. 2009இல் அப்பாவைப் புதைத்துவிட்டு நடந்த அன்றும் அழவில்லை. இப்ப கொஞ்சக் காலமாக ஒன்றும் இல்லாததுக்கெல்லாம் கண் கலங்குது. மகள் பள்ளிக்கூட பான்ட் வாத்தியத்தில் முன்னுக்கு நடந்து வரேக்கை, இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்ததைப் பார்க்கேக்கை, பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு மருத்துவ பீடம் கிடைச்சதாம் எண்டு கேக்கேக்கை. கவலை ஒன்றும் இல்லை, சந்தோசம்தான். மனிசி சிரிக்கிறா. இது ஏதும் வருத்தமோ? அடுத்த மாதம் பரிசளிப்பு விழாவில் பெற்றோர் சார்பில் நன்றியுரை சொல்லச் சொல்லியிருக்கினம். அங்கேயும் அழுதால் என்ன செய்ய?"

கண்ணீர் எப்படிச் சுரக்கிறது என்பதல்ல உங்கள் கேள்வி. அழவேண்டிய இடத்தில் அழாத மனிதன் சிரிக்கவேண்டிய இடத்தில் ஏன் அழுகிறான், உள்ளே எப்போதோ வெடித்த ஒன்று இப்போதுதான் ஒழுகத் தொடங்கியிருக்கிறதோ என்பதே உங்கள் பயம் என்று நினைக்கிறேன். போருக்குப் பிந்திய முகாம் காலத்திலிருந்து வன்னியில் உளவளத்துணை செய்துவருகிறேன். அந்தப் பழக்கத்தையும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன். முகம் பார்க்காமல், நாலு வரிக் கேள்வியை மட்டும் வைத்து ஒருவருக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அறுதியிட்டுச் சொல்வது தொழில் தர்மமல்ல. ஆனாலும் நீங்கள் எழுதியதில் வருத்தத்தின், அதாவது நோயின், சாயல் எதுவும் எனக்குத் தென்படவில்லை. முழுவதும் வாசிக்கப் பொறுமை இல்லாவிட்டால் இத்தோடு நிறுத்திவிட்டு, விழாவைப் பற்றிக் கடைசியில் சொல்லியிருப்பதை மட்டும் பாருங்கள்.

முதலில் ஐயமில்லாதவை. கண்ணீர் மூன்று வகை. கண் காயாமலிருக்க எந்நேரமும் மெல்லியதாகச் சுரப்பது ஒன்று. வெங்காயம், புகை, தூசு பட்டால் வருவது இன்னொன்று. உணர்ச்சியால் வருவது மூன்றாவது. நாற்பதைத் தாண்டினால் கண் வறட்சி வரலாம், வறண்ட கண் உறுத்துவதால் எதிர்மாறாக நீர் வடியும். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும்போது வருகிற தண்ணீரை நாம் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. மூன்றாவது வகைக்கு வருவோம். கண்ணீர்ச் சுரப்பிக்குக் கட்டளை போவது முகநரம்பு வழியாக, அதுவும் உடம்பை ஆறவைக்கிற நரம்புப் பகுதியிலிருந்து. நெஞ்சு படபடக்கவும் மயிர்க்கூச்செறியவும் வைப்பது அதற்கு எதிரான வேலையைச் செய்கிற மற்றப் பகுதி. சாதாரணமாக ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். ஆனால் மனம் உருகுகிற உச்சத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஜெர்மனியின் மக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், படக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கண்ணீரும் மயிர்க்கூச்சும் சேர்ந்தே வந்ததை அளந்து காட்டினார்கள். உங்கள் மகள் நடந்து வந்தபோது கையில் மயிர் நட்டுக்கொண்டு நின்றதா என்று யோசித்துப் பாருங்கள். நின்றிருக்கும்.

அடுத்தது, பலரும் உறுதியாகச் சொல்லுகிற, ஆனால் உறுதியில்லாத சில விசயங்கள். அழுதால் உடம்பிலுள்ள நஞ்சு வெளியேறும் என்று பகிரப்படுகிற செய்தி அடிக்கடி என் கைத்தொலைபேசிக்கும் வருகிறது. இதற்கு வேர், 1980களில் வில்லியம் ஃப்ரே என்ற அமெரிக்கர் செய்த ஆய்வு. உணர்ச்சிக் கண்ணீரில் வெங்காயக் கண்ணீரை விடப் புரதம் கூடுதலாக இருக்கிறது என்று அவர் கண்டார். அதிலிருந்து நஞ்சு நீக்கம் வரைக்கும் பாய்ந்தது ஊகமே. ஒரு முறை அழுது வடிகிற துளிகளின் அளவு உடம்பைச் சுத்தம் செய்யப் போதாது. அழுதால் மனம் லேசாகும் என்பதும் பாதிதான் சரி. நெதர்லாந்தில் சோகப் படம் பார்க்கவைத்துச் சோதித்தபோது, அழுதவர்களின் மனநிலை உடனே சரிந்தது, 20 நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது, 90 நிமிடத்தின் பின்னரே முன்பிருந்ததை விட நல்லதாக இருந்தது. யார் பக்கத்தில் இருந்தார்கள், அழுததற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதிலும் நிறையத் தங்கியிருக்கிறது. உங்கள் மனிசி சிரிப்பது எந்த வகைச் சிரிப்பு என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இனி, சந்தோசத்துக்கு ஏன் கண்ணீர். வவுனியா பஸ் நிலையத்தில் ஒரு தாயைப் பார்த்தேன். கனடாவிலிருந்து பல வருடம் கழித்து மகன் வந்து இறங்குகிறார். அவனைக் கண்டதும் அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஏனடா இப்பிடி மெலிஞ்சு போனாய், அங்கை சாப்பாடு இல்லையோ" என்று ஏசினார், முதுகில் ஒரு அடி போட்டார், பிறகு அழுதார். குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு "கடிச்சுத் தின்ன வேணும் போல கிடக்கு" என்று நம்மவர்கள் சொல்வதும் இந்தச் சாதிதான். உள்ளே இருப்பது ஒன்று, வெளியே வருவது அதற்கு எதிரானது. ஒரியானா அரகோன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2015இல் எழுதினார். தாங்கமுடியாத சந்தோசம் வரும்போது எதிர்மாறான முகம் காட்டுகிறவர்கள், அந்த வேகத்திலிருந்து மற்றவர்களை விடச் சீக்கிரம் தணிந்து சமநிலைக்கு வந்தார்கள் என்று அவருடைய தரவு காட்டியது. தணிவதற்காகத்தான் அழுகிறோம் என்பது அவருடைய விளக்கம். நல்ல விளக்கம்தான், முடிந்த முடிவு அல்ல.

எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிற விளக்கம் வேறு. அலன் ஃபிஸ்க் என்ற மானிடவியலாளரும் அவரோடு வேலை செய்கிறவர்களும் பல நாடுகளில் கேட்டுத் திரட்டிச் சொல்வது: மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள நெருக்கம் திடீரென்று ஒரு படி கூடுகிற கணத்தில்தான் கண் கலங்குகிறது, நெஞ்சு சூடாகிறது, மயிர் சிலிர்க்கிறது. இந்த "திடீரென்று" என்பதில்தான் விசயம் இருக்கிறது. மகள் மீது உங்களுக்குள்ள அன்பு தினமும் உள்ளதுதான், அதற்காகத் தினமும் அழுவதில்லை. அவள் சீருடையோடு, மேளத்துக்குக் கால் பிசகாமல், நூறு பிள்ளைகளுக்கு முன்னால் வரும்போது அந்த அன்பு ஒரு நொடியில் எகிறுகிறது. கலியாண வீட்டில் கெட்டிமேளம் முழங்கும்போது பொம்பிளையின் தகப்பனை மட்டுமல்ல, பந்தலின் கடைசிக் கதிரையில் இருக்கிற, இரண்டு வீட்டாருக்கும் அவ்வளவு பழக்கமில்லாத ஆளையும் பாருங்கள். அவரும் லேஞ்சியை எடுப்பார். பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு மருத்துவ பீடம் கிடைத்ததற்கு நீங்கள் அழுததும் இதுதான். உங்கள் பிள்ளையில்லை. ஆனால் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறையைச் சேர்ந்த உங்களுக்கு, உங்கள் ஒழுங்கையிலிருந்து ஒருவன் போகிறான் என்ற சேதி ஒழுங்கை முழுவதையும் ஒரு வீடாக்கிவிட்டது. பிறத்தியாரின் நன்மைக்கு வருகிற கண்ணீரைப் பலவீனம் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

அப்படியானால் 2009இல் ஏன் வரவில்லை? இதற்கு 1952இலேயே ஜோசப் வைஸ் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் ஒரு விடை சொன்னார். படத்தில் பிரிந்தவர்கள் பிரிந்திருக்கும்வரை நாம் அழுவதில்லை, சேர்ந்த பிறகுதான் அழுகிறோம், ஏன்? ஆபத்து இருக்கும்வரை மனம் துக்கத்தைப் பிடித்துவைத்திருக்கிறது, ஆபத்து நீங்கியது என்று தெரிந்ததும் பிடியை விடுகிறது, பிடித்துவைத்திருக்கச் செலவான பலம் இனித் தேவையில்லை என்றார் அவர். அவர் சொன்னது ஆய்வுகூடத்தில் நிரூபித்த உண்மையல்ல, நோயாளிகளைக் கவனித்துக் கண்ட ஒன்று. ஆனால் வன்னியில் வேலை செய்த எவருக்கும் அது புதிதாக இராது. பதுங்குகுழியிலும், போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் கடற்கரையிலும், பிறகு மெனிக் பாம் அகதி முகாம் கூடாரத்திலும் அழாமலிருந்தவர்கள் ஏராளம். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எங்கே, அடுத்த நேரச் சாப்பாடு எங்கே என்று ஓடுகிற ஆளுக்கு அழ நேரமில்லை. அது கல்நெஞ்சு அல்ல. உயிரோடு இருக்கிற வேலையை உடம்பு முதலில் செய்தது.

இதோடு ஒத்துப்போகிற ஒரு தகவலையும் சொல்லவேண்டும். 37 நாடுகளில் சனம் எவ்வளவு அழுகிறது என்று கேட்டுத் தொகுத்த ஆய்வொன்று 2011இல் வந்தது. துன்பம் கூடிய நாடுகளில்தான் கூடுதலாக அழுவார்கள் என்று நாம் நினைப்போம். வந்த விடை மறுவளம். வசதியும் சுதந்திரமும் கூடிய நாடுகளில்தான் அழுகை கூட. மனதிலிருப்பதை வெளிக்காட்ட இடமிருக்கும் ஊரில்தான் மனிதர் அழுகிறார்கள் என்று அதை ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மாணவர்களிடம் கேட்ட கணக்கு என்பதால் எங்கள் ஊர்க் கமக்காரருக்கு அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் திசை தெரிகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என்னுடைய தொழில்காரர்கள் பலர் ஒப்புக்கொள்ளாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். உங்கள் கண்ணீர் எல்லாவற்றையும் 2009இன் கணக்கில் எழுதாதீர்கள். போர் எங்கள் சனத்தின் மனதில் தனியாளாகவும் ஊராகவும் ஏற்படுத்திய காயத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் எழுதியிராவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு வேலை செய்யவே தெரிந்திராது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிவு ஒரு பழக்கமாகிவிட்டது. வன்னியில் எவர் கண் கலங்கினாலும் தொண்டு நிறுவனக்காரர் படிவத்தை எடுத்து "இழப்பு" என்று எழுதுகிறார். 2013 செப்டம்பரில் யாழ்தேவி கிளிநொச்சி வரை வந்தது. 1990இல் நின்றுபோன பாதை அது. புகையிரதத்தைக் கண்டு அழுத வயதானவர்களில் ஒருவரோடு பிறகு கதைத்துக்கொண்டிருந்தேன். நானும் அந்தப் படிவக் கேள்விகளைத்தான் மனதில் வைத்திருந்தேன். அவர் சொன்னது முழுக்க, கலியாணமான புதிதில் மனைவியோடு கொழும்பிலிருந்து வந்து அதே ஸ்டேசனில் இறங்கியதும், அன்று வாங்கிக்கொடுத்த சோடாவைக் குடிக்கத் தெரியாமல் மனைவி மூக்கால் விட்டதும்தான். மனைவி வீட்டில் சுகமாக இருக்கிறார். போரைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. அவருக்கு வந்தது இளமையின் கண்ணீர், அதை நான் வேறொன்றாக மாற்றி எழுதினால் அது களவு.

எங்கள் இலக்கியத்திலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. புறநானூற்றில் 277ஆம் பாட்டு, பூங்கணுத்திரையார் பாடியது. கொக்கின் இறகு போல நரைத்த தாய்க்கு, மகன் யானையை வீழ்த்தித் தானும் விழுந்தான் என்ற சேதி வருகிறது. அவனைப் பெற்ற நாளை விட அவளுக்கு உவகை பெரிதாக இருந்ததாம், கண்ணீரோ மழை பெய்தபின் மூங்கில் புதரில் தொங்கும் துளிகளை விடப் பலவாம். ஆனந்தக் கண்ணீர் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். பாட்டைத் திரும்பப் பாருங்கள். உவகை பெரிது என்கிறது, கண்ணீர் பல என்கிறது. உவகையால்தான் கண்ணீர் என்று எங்கும் சொல்லவில்லை. முல்லைத்தீவுத் தாய்மார் பலரோடு இருந்துவிட்ட பிறகு, அந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட எனக்குக் கை வருவதில்லை. துக்கத்தை மகிழ்ச்சி என்று எழுதுவது எவ்வளவு பிழையோ, மகிழ்ச்சியைத் துக்கம் என்று எழுதுவதும் அவ்வளவு பிழை. காலைப் பிரார்த்தனையில் "காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி" என்று சம்பந்தர் தேவாரத்தை அர்த்தம் தெரியாத வயதிலேயே பாடித்தான் நாங்கள் வகுப்புக்குப் போனோம். அன்பு முற்றினால் கண் நிறையும் என்பது இந்த மண்ணில் ஒளித்துவைக்கிற விசயமாக இருந்ததில்லை. ஆம்பிளை அழக்கூடாது என்று மட்டும் யாரோ பிறகு சேர்த்துவிட்டார்கள்.

இரணைமடு மட்டும் இந்த விளக்கங்களில் முழுக்க அடங்கவில்லை. அங்கே மகளில்லை, பெடியனில்லை, தண்ணீர்தான். மிகப் பெரிய ஒன்றின் முன்னால் மனிதன் தன்னைச் சிறிதாக உணரும்போது வருகிற வியப்பும் கண்ணீரைக் கொண்டுவரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வெறும் அழகு ஏன் அழவைக்கிறது என்பதற்கு எவரும் ஒப்புக்கொண்ட விடை கிடையாது. என்னுடைய எண்ணம்: கமக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு அது வெறும் தண்ணீரல்ல. மாரி பொய்த்து, குளத்தில் கட்டுத் தெரிய, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் போட்டு அடிபட்ட வருடங்களைப் பார்த்தவன், கனகராயன் ஆறு கொண்டுவந்து நிரப்பியது வெள்ளை வெள்ளையாக வான் பாயும்போது அடுத்த போகத்தையும் சேர்த்துப் பார்க்கிறான். அதே தண்ணீர் குளத்துக்குக் கீழேயுள்ள கண்டாவளைப் பக்கத்தில் வயல் செய்கிறவருக்கு வேறு கணக்கு. 2018 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பக்கத்துச் சனம் பட்ட பாடு தெரிந்தவர்கள் வான்கதவைப் பார்த்து ஆனந்தப்படமாட்டார்கள். அழகு பார்க்கிற ஆளின் கண்ணில் பாதி இருக்கிறது என்பதற்கு அதற்குமேல் அத்தாட்சி வேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்? நான் கேட்கிற முதல் கேள்வி, வெளியே வருகிற கண்ணீரும் உள்ளே இருக்கிற உணர்ச்சியும் ஒத்துப்போகிறதா என்பது. பாரிசவாதம் வந்தவர்களுக்கும், மூளையைப் பாதிக்கிற வேறு சில நோயுள்ளவர்களுக்கும், உள்ளே ஒன்றுமில்லாமல் திடீரென்று அழுகையோ சிரிப்போ வெடித்து நிறுத்தமுடியாமல் போகும். அதற்கு மருந்து இருக்கிறது. கண்ணீரோடு பேச்சுத் தடுமாறுதல், கை கால் வலுக்குறைதல் புதிதாக வந்தால் தாமதிக்கக் கூடாது. மனச்சோர்வு வேறு மாதிரி. அங்கே சந்தோசம்தான் முதலில் காணாமல் போகும். மகள் நடந்து வந்தாலும் ஒன்றும் தோன்றாது, விடிய மூன்று மணிக்கு விழிப்பு வரும், சாப்பாடு இறங்காது, இருந்தென்ன என்று தோன்றும். நீங்கள் எழுதியது அதற்கு நேர் எதிர். பிள்ளை பெற்ற முதல் இரண்டு கிழமைக்குள் தாய்மாருக்குக் காரணமின்றிக் கண்ணீர் வருவது பெரும்பாலும் தானாகத் தணியும், தணியாமல் நீண்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லவேண்டும். இன்னொன்று, சந்தோசத்தில் தொடங்குகிற கண்ணீர் உங்களை அந்த நாட்களுக்கே இழுத்துக்கொண்டு போய், சத்தமும் மணமும் காட்சியுமாகத் திரும்ப வந்து, நித்திரையைக் கெடுக்கிறதென்றால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள். வர விருப்பமில்லாவிட்டால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுத்து முதலில் கதைத்துப் பார்க்கலாம். அப்பாவைப் பற்றிக் கதைக்கவேண்டும் என்று தோன்றினாலும் வரலாம். அதற்கு வருத்தம் இருக்கவேண்டியதில்லை.

விழாவுக்கு வருவோம். தொண்டையில் கட்டி போல அடைப்பது, மூச்சுக்கு வழிவிடத் தொண்டை திறந்து நிற்க முயலும்போது நீங்கள் விழுங்க முயல்வதால் வருகிற இறுக்கம். ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் இளகும், ஆகவே போத்தலைக் கதிரையில் விட்டுவிட்டு மேடையேறாதீர்கள். பேசத் தொடங்குவதற்கு முன் மூச்சை உள்ளெடுப்பதை விட வெளிவிடுவதை நீளமாக நாலைந்து தரம் செய்யுங்கள். நன்றியுரையை எழுதிவைத்து வீட்டில் சத்தமாக வாசித்துப் பாருங்கள், எந்த வரியில் குரல் உடைகிறதோ அதே வரியில்தான் மேடையிலும் உடையும். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப, சலித்துப்போகும் மட்டும் மனிசிக்கு வாசித்துக் காட்டுங்கள், அவர் சிரிக்கட்டும். மகளைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள், மண்டபத்தின் பின்சுவர் மணிக்கூட்டைப் பாருங்கள். மகளின் பெயரையும் அப்பாவின் பெயரையும் உரையின் கடைசியில் வைக்காதீர்கள். இரண்டையும் நடுவில் வைத்து, அதற்குப் பிறகு கதிரை தந்த சனசமூக நிலையத்துக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், தேநீர் போட்ட பெற்றோருக்கும் நன்றி சொல்கிற வரிகளைப் போடுங்கள். ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி சொல்லும்போது எவருக்கும் அழுகை வந்ததாக நான் இதுவரை காணவில்லை.